எர்த்துக் குழியைப் பாத்துட்டுப் போனவரு

அவருக்கு நல்ல குரலுங்க. அதை மொதல்லயே ஒத்துக்கறேன். ரேடியோவுல அவரு பேசுனா, கட்டில்ல பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கும். அவசரமே கிடையாது. எதிர்ல இருக்கறது சின்னப் பையனா இருந்தாலும் 'சொல்லுங்க, கேட்டுட்டு இருக்கறனுங்க'ன்னுதான் சொல்லுவாரு. பேரைச் சொல்ல மாட்டேன். செத்தவரைப் பத்திப் பேசக் கூடாதுங்கற மரியாதையெல்லாம் எனக்கு இல்லை. அந்தப் பேரு என்ற வாயில வர வேண்டாம், அவ்வளவுதான்.

கோயமுத்தூருல இப்படி ஒரு கூட்டம் உண்டு. சர்க்கார்கிட்டப் பரிச்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ஊட்டு மொட்டை மாடியில கம்பி கட்டி, தேசம் தேசமாப் பேசிட்டுக் கெடப்பாங்க. ஹாம் ரேடியோன்னு பேரு. கையில போன் இருக்கறப்ப இதென்ன கூத்துன்னு நானும் கேட்டிருக்கேன். 'போன்ல பேசறது பஸ்ஸுல போற மாதிரி, இது நாமளே ரோடு போட்டு நாமளே நடந்து போற மாதிரி'ன்னு என்ற ஊட்டுக்காரரு சொல்லுவாரு. போகட்டும், சீட்டாடற புருசன், தண்ணி போடற புருசன்னு எத்தனையோ இருக்குது, கம்பி கட்டற புருசன் தேவலைன்னு நானும் உட்டுட்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு அவருதான் பெரியவரு. பீளமேட்டுப் பக்கம் பம்புசெட்டு பவுண்டரி வெச்சிருந்த குடும்பம். ஊட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய வந்தா நம்மளை விட நல்ல தமிழு. வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில ஒரு சின்ன டெஸ்டர். கிளப்புல யாரும் அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'சார்' அப்படின்னா அவரு ஒருத்தருதான்.

ஆன்டெனாவுல அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை. மாடியேறி ஒரு சுத்து பாத்தாருன்னா போதும், எங்க கோளாறு, எப்ப கெடும், கெட்டா என்ன ஆகும் எல்லாம் அவரு மண்டைக்குள்ள ஓடிரும். ஆனா சொல்ல மாட்டாரு. அதுதான் அந்த மனுசன். வாயே தொறக்காம இருந்தாலும் பரவாயில்லைங்க. நல்லாப் பேசுவாரு. பத்து சமாச்சாரத்துல ஒம்பது சரியா இருந்தா, அந்த ஒம்பதையும் ஒண்ணொண்ணாப் பாராட்டுவாரு. 'கம்பத்தை அழகா நிறுத்தியிருக்கறீங்க, சால்டரிங் நல்லாப் பளபளங்குதுங்க.' அத்தனையும் நெசமா இருக்கும். பொய் சொன்னாருன்னு எவனும் அவரைப் பாத்து வெரல் நீட்ட முடியாது. அந்தப் பத்தாவதை மட்டும் முழுங்கிட்டுக் கீழ எறங்கி வந்து, காப்பி குடிச்சுட்டு, கும்புட்டுட்டுப் போயிருவாரு.

அப்பறம் அது கெடும். கெட்டுச்சுன்னு சேதி வந்ததும் ஒரு பை நெறைய ஆப்பிள் வாங்கிட்டு வருவாரு. உக்காந்து, எங்க தப்பு, எதனால தப்புன்னு வெளக்கெண்ணெய் ஊத்துன மாதிரி மெதுவாச் சொல்லுவாரு. எல்லாரும் ஆன்னு கேட்டுட்டு இருப்பாங்க. கடைசியில யாராச்சும் ஒருத்தர் கேப்பாங்க, 'சாருக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?' அவரு தலையைக் குனிஞ்சு ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனையும்.

ஒரு காலேஜ் வாத்தியார் இருந்தாரு, பாவம். வருசக்கணக்காப் பழைய டி.வி. ஆன்டெனா மாதிரி அலுமினியக் குழாய் வெட்டி வெட்டி, வெளிநாட்டுக்காரங்ககிட்டப் பேசறதுக்கு ஒண்ணு செஞ்சாரு. அதுல நெட்டைக் குழாய் பின்னால இருக்கோணும், குட்டைக் குழாய் முன்னால இருக்கோணும். குட்டை இருக்கற பக்கந்தான் பேச்சு போகும். வாத்தியார் மாட்டறப்ப மாத்தி மாட்டிப்போட்டாரு. அவரு மேக்கால பாத்துப் பேசுனா, குரல் கெழக்கால போகுது. நம்மாளு போனாரு, பாத்தாரு. 'குழாயெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நிக்குதுங்க, இவ்வளவு நேர்த்தியா நான் பாத்ததில்லை'ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அந்தக் குளுரு காலம் பூராவும் வாத்தியார் சாயங்காலமானா மைக்கைப் புடிச்சுட்டுக் கூப்பிட்டாரு, கூப்பிட்டாரு. பதில் சொல்ல ஒரு நாதியில்லை. ரேடியோவைப் பிரிச்சாரு, கேபிளை மாத்துனாரு, பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டாரு. வெய்யக் காலம் வந்ததும் நம்மாளு ஆப்பிளோட போயி, 'சார், அது முதுகைக் காட்டிட்டு நிக்குதுங்க' அப்படின்னாரு.

ஞாயித்துக்கெழமை மீட்டிங் முடிஞ்சு பேக்கரியில டீ குடிக்கறப்ப இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களாம். வாத்தியார்தான் எல்லாரையும் விட எச்சாச் சிரிச்சாராம். என்ற ஊட்டுக்காரரு வந்து அதே மாதிரி கையை ஆட்டிக் காட்டி எங்கிட்டச் சொன்னாரு. 'அந்த வாத்தியார் இப்ப என்ன பண்றாருங்க?'ன்னு கேட்டேன். 'அவரு இப்பெல்லாம் வர்றதில்லை' அப்படின்னாரு. அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

ஆனா அவங்களுக்கு அது பெருமையுங்க. சார் வந்து தப்பைச் சொல்லிட்டாருன்னா அவன் தேறுன ஆளு. 'என்னோட கேபிள் ஜாயின்ட்டுல தண்ணி எறங்கும்னு சாருக்கு மழைக்கு முன்னாலயே தெரியும்'னு ஒருத்தன் சொன்னா, 'என்ற கம்பம் சாயும்னு சாருக்கு ஆடிக்கு முன்னாலயே தெரியும்'னு இன்னொருத்தன் சொல்லுவான். கல்யாணத்துல யாரு எத்தனை பவுன் போட்டாங்கன்னு பேசற மாதிரி பேசிக்குவாங்க. ஒருத்தனுக்காச்சும், தெரிஞ்சவரு வாயைத் தொறந்து சொன்னா என்னன்னு தோணலை.

எங்க ஊடு தொண்டாமுத்தூருக்கு அக்கட்ட, மலையைப் பாத்த மாதிரி. என்ற ஊட்டுக்காரரு லேத்து வெச்சிருந்தாரு. கையில நொம்பச் சுத்தமான வேலை. லைசென்ஸ் வந்ததும் மாடியில இரும்புக் கம்பம் நட்டு, அதோட உச்சியிலிருந்து ரெண்டு பக்கமும் செப்புக் கம்பியைக் கூடாரம் மாதிரி எறக்கிக் கட்டுனாரு. பேசறப்ப எங்க போர்வெல் மோட்டரு ஓடுனா ரேடியோவுல கரகரன்னு சத்தம் வந்துச்சு. 'கரண்டு எர்த்து வழியாத்தான் இந்தச் சனியன் உள்ள வருது, ரேடியோவுக்கு வேற எர்த்து போட்டறேன்'னாரு. மீட்டர் பெட்டியும் அதோட எர்த்தும் ஊட்டுக்கு முன்னால. இவரு பின்னால முருங்கை மரத்துக்கிட்ட ஆளு ஆழத்துக்குக் குழி எடுத்து, செப்புக் கம்பியை எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடுனாரு, மாடிக் கம்பத்தையும் அதோட இணைச்சாரு. நம்ம மண்ணுதான் தெரியுமே, தோண்டுனா கல்லு. கடப்பாரை புடிச்சுக் கை பூரா கொப்புளம். வெய்யக் காலத்துல குழி காயக் கூடாதுன்னு தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தறது என்ற வேலை. 'ரேடியோவைத் தனிக்குடித்தனம் வெச்சுட்டீங்க, அதுக்கு நான் தண்ணி சொமக்கறேன்'னு கேலி பேசுவேன். கரகரப்பும் கொறைஞ்சுச்சு. மனுசனுக்கு ஒரே சந்தோசம்.

அந்தச் சந்தோசத்துல அந்தப் பெரியவரை ஊட்டுக்கு அழைச்சாரு. ஒறம்பரை வந்த மாதிரி கவனிச்சேன். அரிசிம்பருப்பு சாப்பாடு, கத்திரிக்காப் பொரியலு, நெய்யி. 'இப்படிப் பதமா நான் சாப்புட்டதே இல்லீங்க அம்மணி'ன்னு சொல்லிச் சொல்லிச் சாப்புட்டாரு. மாடியேறிப் பாத்தாரு. பின்னால போயி முருங்கை மரத்துக்கிட்ட நின்னாரு. அப்பறம் தனியா முன்னால வந்து, மீட்டர் பெட்டிக்குக் கீழ சித்தெ நேரம் பாத்துட்டு நின்னாரு. நான் வாசல்ல நின்னுட்டு இருந்தேன். அவரு மொகத்துல ஒரு சிரிப்பு வந்துட்டுப் போச்சு. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கலை.

அதனால நேராவே கேட்டேன். 'ஏனுங்க, இது மலையடிவாரம். சித்திரை வைகாசியில இடி போட்டுத் தாக்கும். இவரு பாட்டுக்கு இரும்பைத் தூக்கி மேல நிறுத்தியிருக்கறாரு. ஒண்ணும் ஆகாதுங்களே?'

அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. 'குழி அருமையா எடுத்திருக்கறாருங்க அம்மணி. இந்த மண்ணுல இவ்வளவு ஆழம் போறது லேசில்லீங்க. எங்க ஊட்டுல கூட இப்படி ஒரு குழி கெடையாது.'

நான் கேட்டது குழியைப் பத்தி இல்லை. ஆனா அவ்வளவு பெரிய மனுசன் அவ்வளவு மரியாதையாச் சொன்னா அதுக்கு மேல என்ன கேக்கறது? என்ற ஊட்டுக்காரரு பக்கத்துல நின்னு, பொண்ணு பாக்க வந்தவங்க சரின்னு சொல்லிட்ட மாதிரி பூரிச்சுப் போயிட்டாரு. ரோடு வரைக்கும் போயிக் கார்க் கதவைத் தொறந்து உட்டு வழியனுப்பிட்டு வந்தாரு.

சித்திரையில ஒரு மத்தியானம். மேக்கால மலைப்பக்கம் கறுத்திருந்துச்சு, எங்க தலைக்கு மேல வெய்யிலு. நான் கொடியில துணி எடுத்துட்டு இருந்தேன். என்ற ஊட்டுக்காரரு உள்ள மைக்கைப் புடிச்சுட்டு, மழை வருது, முடிச்சுக்கறேன்னு யாருகிட்டயோ சொல்லிட்டு இருந்தது எனக்கே கேட்டுச்சு. அவ்வளவுதான். சத்தம்னு அதைச் சொல்ல முடியாது, ஊடே ஒரு குலுக்குக் குலுக்குச்சு. உள்ள ஓடுனா கருகுன நாத்தம். சேரு ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம். எடது காதுல ரத்தம். மைக்கைப் புடிச்சிருந்த கை வெரலுக வெந்து போயிக் கெடந்துச்சு.

உசுரு பொழைச்சுது. எடது காது போச்சு. வலது கையில ரெண்டு வெரலு அதுக்கப்பறம் மடங்கலை. லேத்துல டூல் புடிக்கற கையுங்க அது. மெல்லிசா மசுரு அளவு சீவற கை. இப்ப அந்த லேத்தை வேற ஆளுதான் ஓட்டறான், இவரு சேரு போட்டு உக்காந்து பாத்துட்டு இருக்கறாரு.

ஆஸ்பத்திரிக்கு அவரு வந்தாரு. ஆப்பிளோடதான். கட்டிலுப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேக்கற காதுப் பக்கமா உக்காந்து வெளக்குனாரு. அதுல கூட அவரு மரியாதை தப்பலை.

'கம்பத்துல எறங்குன இடி உங்க பின் குழிக்குப் போச்சுங்க. நம்ம மண்ணு கல்லு மண்ணு, அவ்வளவையும் சட்டுனு உள்ள வாங்காது. பின்னால இருக்கற எர்த்து பொங்கி நிக்குது, முன்னால இருக்கற எர்த்து அப்படியே கெடக்குது. பொங்குனது அங்க போகப் பாக்குமுங்க. நடுவுல வழின்னு என்ன இருக்குது? உங்க ரேடியோவும், அதைப் புடிச்சுட்டு இருந்த நீங்களுந்தானுங்க. ரெண்டு குழியையும் ஊட்டுக்கு வெளியிலயே ஒரு செப்புப் பட்டையில சேத்திருந்தா ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கியிருக்கும். உள்ள இவ்வளவு வந்திருக்காது.'

ஒரு செப்புப் பட்டை. ஊட்டைச் சுத்தி ஒரு அரை நாள் வேலை. நான் ஆப்பிள் பையைக் கையில வெச்சுட்டு நின்னுட்டு இருந்தேன். 'அன்னிக்கே தெரியுமுங்களா உங்களுக்கு?'ன்னு கேட்டேன்.

'தெரியுமுங்க அம்மணி.'

'அப்பறம் ஏனுங்க சொல்லலை? வாயைத் தொறந்து நான் கேட்டனேங்க.'

'சொல்லியிருந்தா கேட்டுட்டு மறந்திருப்பாருங்க. இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டாரு.'

அந்தப் பையை அவரு மடியில வெச்சேன். 'எடுத்துட்டுப் போயிருங்க. எங்க ஊட்டுல யாரும் இதைத் தின்ன மாட்டோம். நீங்க மனுசனே இல்லைங்க'ன்னேன். அவரு கோவிக்கலை. எந்திரிச்சுக் கும்புட்டாரு. கட்டில்ல கெடந்த என்ற ஊட்டுக்காரரு, கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவரைக் கும்புட்டு, 'மன்னிச்சுக்கோங்க சார், அவளுக்கு டெக்னிக்கலாத் தெரியாதுங்க' அப்படின்னாரு. அந்த வார்த்தை என்னைய இடி உழுந்ததை விடச் சுட்டுச்சு.

ஒண்ணு சொல்லோணும், இல்லாட்டி நான் ஓரவஞ்சனை பண்ணுனவளாயிருவேன். ஒரு மழைக்கு மலை மேல ஊருகளுக்குப் போனும் இல்லாம ரோடும் இல்லாமப் போச்சு. அப்ப அந்த மனுசன் ரேடியோ முன்னால உக்காந்து, அங்க மாட்டிக்கிட்டவங்க சேதியை ஒண்ணு உடாம அவங்கவங்க ஊட்டுக்குச் சொன்னாரு. 'உங்க பையன் நல்லா இருக்கறானுங்க, சாப்புட்டுட்டானுங்க'ன்னு அதே குரல்ல. எத்தனை தாயி அவரைக் கையெடுத்துக் கும்புட்டிருப்பா. அதுவும் அவருதான். அதனாலதான் எனக்கு அவரு மேல எரிச்சல் இன்னும் எச்சாகுது. சொல்லத் தெரியாதவன் சொல்லலைன்னா மன்னிச்சறலாம்.

அவரு நெஞ்சு வலியில போனப்ப நானும் எழவுக்குப் போனேன். போக மாட்டேன்னுதான் இருந்தேன், இவரு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாரு. பந்தல்ல கிளப்பு ஆளுக எல்லாம் உக்காந்து அவங்கவங்க தப்பைச் சொல்லி அழுதாங்க. என்ற ஊட்டுக்காரரு செவிடாப் போன காதைத் தொட்டுக் காட்டி, 'இது சார் குடுத்த பாடம்'னாரு. நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். செத்தவரு சம்சாரம் தனியா உக்காந்திருந்தாங்க. என்ற கையைப் புடிச்சுட்டு, கல்யாணமான புதுசுல நடந்ததைச் சொன்னாங்க. சமைச்சுட்டு இருந்தப்ப முந்தானை ஸ்டவ்வுகிட்டத் தொங்கியிருக்குது. அவரு கதவுகிட்ட நின்னு பாத்துட்டே இருந்திருக்கறாரு. பத்திக்கிட்டப்பறந்தான் தண்ணியை ஊத்துனாராம். மொழங்கையில பெரிய தழும்பு. 'அப்பறம் ஒரு நாளும் நான் முந்தானையைச் சொருகாம அடுப்புகிட்டப் போனதில்லைம்மா. அவரு சொல்லித் தர்றது அப்படி'ன்னு சொல்லிட்டு அழுதாங்க. புருசனுக்காக அழுதாங்க.

அந்த ஆளு போயாச்சு, இதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேன்.

எங்க மகளைக் கோபியில குடுத்திருக்கறோம். மாப்பிள்ளை தங்கமான பையன், மாமனாரைப் பாத்து அவருக்கும் இந்த ஆசை வந்து, போன வருசம் லைசென்ஸ் வாங்கிட்டாரு. மாடியில ஆன்டெனா கட்டிட்டேன், வந்து பாருங்க மாமான்னு கூப்பிட, நாங்க ரெண்டு பேரும் போனோம். அவங்க ஊட்டுல சின்ன ரூம்பு ஒண்ணு, அதுலதான் ரேடியோ மேசை. அந்த ரூம்புலதான் காத்து நல்லா வருதுன்னு மக பேத்திக்குத் தொட்டிலும் கட்டியிருந்தா. மேசைக்கும் தொட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கற எடந்தான். இவரு மாடியேறிப் பாத்தாரு, பின்னால போனாரு, முன்னால வந்தாரு. உள்ள வந்து தொட்டிலை ஆட்டிட்டே, 'கம்பி கட்டுனது நொம்ப நேர்த்தியா இருக்குதுங்க மாப்பிள்ளை'ன்னாரு. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியலை.

திரும்பி வர்றப்ப கார் புளியம்பட்டி தாண்டிருச்சு. இவரு தானாச் சிரிச்சாரு. என்னன்னு கேட்டேன். கேக்காத காது என்ற பக்கம், ரெண்டு தடவை கத்துனேன். 'மாப்பிள்ளையும் ரேடியோவுக்குத் தனி எர்த்து போட்டிருக்கறாரு. ரெண்டையும் சேக்கலை. அச்சா நான் பண்ணுன மாதிரியே' அப்படின்னாரு.

'சொன்னீங்களா?'

'எதுக்கு? ஒரு மழை வரட்டும்.'

அங்கயே மகளுக்குப் போன் போட்டேன். அவ நம்பலை. 'அப்பா பாத்துட்டு நல்லா இருக்குதுன்னுதானேம்மா சொன்னாரு, உனக்கு என்ன தெரியும்'னா. காரைத் திருப்புங்கன்னேன், திருப்ப மாட்டேன்னாரு. 'நீ சொல்லிக் குடுத்துட்டா அவரு எப்பக் கத்துக்கறது?'ன்னு எங்கிட்டயே சலிச்சுக்கிட்டாரு. நிறுத்துங்கன்னு கத்தி எறங்கி, எதுத்தால வந்த பஸ்ஸுல ஏறிக் கோபிக்கே போயிட்டேன்.

மாப்பிள்ளை என்னைய வாசல்ல பாத்துட்டு, 'ஏனுங்க அத்தை, எதையாச்சும் மறந்துட்டீங்களா?'ன்னாரு. அவரு டூல் பாக்ஸுல கட்டிங் பிளேயரை எடுத்து, சன்னல் வழியா ரேடியோவுக்கு வர்ற கேபிளை வெளியிலயே வெட்டிப்போட்டேன். அப்பறம் உக்காந்து, ஆஸ்பத்திரியில அந்த ஆளு சொன்னதை அப்படியே சொன்னேன். மாப்பிள்ளைக்கு மொகம் வெளுத்துருச்சு. மாமனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு.

'மாமா, எர்த்து ரெண்டும் தனித்தனியா இருக்கக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. நெசமுங்களா?'

'நெசந்தான் மாப்பிள்ளை. எனக்குப் பாத்த ஒடனே தெரியும்.'

மாப்பிள்ளை எம் பக்கம் திரும்புனாரு. பயந்திருப்பாரு, கோவம் வந்திருக்கும்னு பாத்தா, கண்ணு ரெண்டும் மின்னுது. 'பாத்தீங்களா அத்தை, ஒரு சுத்து வந்துட்டு மாமா கண்டுபுடிச்சுட்டாரு' அப்படின்னாரு. கேபிளுக்குப் பதிலா இந்தப் பையன் மண்டையை வெட்டிப் பாத்திருக்கலாமோன்னு எனக்கு வந்துச்சு.

மக பேத்தியை இடுப்புல வெச்சுட்டு நின்னுட்டு இருந்தா. புருசன் கையிலிருந்து போனை வாங்குனா.

'அப்பா, தொட்டில் அங்க இருந்ததைப் பாத்தீங்களா?'

அந்தப் பக்கம் வண்டி ஓடற சத்தத்துக்கு நடுவுல, நிதானமா, மரியாதையா, அந்தக் குரல் மாதிரியே சொன்னாரு.

'பாத்தேன் கண்ணு.'